கீழே இறங்கும் நாளுக்கு ஏழு நிமிட ஒப்பனை

குன்னூரில் குடியிருந்துகொண்டு வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்வரும் என்னைப் போன்ற தாய்மார்களுக்கு, ஒப்பனை என்பது ஒரே காலையில் இரண்டு பருவங்களைத் தாங்க வேண்டிய காரியம். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலிருந்து மேட்டுப்பாளையத்தின் முந்நூற்றுச் சொச்சம் மீட்டருக்கு, 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறோம். ஏப்ரல் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறுகிறவள், பர்லியாற்றைத் தாண்டும்போது அதைக் கழற்றி மடியில் வைத்து, கல்லாறு வருவதற்குள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக் கண்ணாடியின் முன் பூசியவை அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்துத்தான் எதை எங்கே பூசுவது என்று தீர்மானிக்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மே மாதத்தில், காரமடையில் நடந்த உறவுக்காரர் கல்யாணத்தன்று. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, பிள்ளைகள் எழுவதற்குள் முழு ஒப்பனையையும் வீட்டிலேயே முடித்துவிட்டேன். குளிரில் முகம் வறண்டிருந்ததால் கெட்டியான கிரீம், அதன்மேல் ஃபவுண்டேஷன், அதன்மேல் பவுடர், கண்ணுக்குள் மை. கண்ணாடியில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. மண்டபத்து வாசலில் இறங்கும்போது மூக்கின் இருபுறமும் ஃபவுண்டேஷன் இரண்டு வாய்க்கால்களாகப் பிரிந்து, மேலுதட்டின்மேல் வியர்வை முத்து முத்தாக நின்று, மை கண்ணுக்குக் கீழே நிழலாக இறங்கியிருந்தது. என் தோளில் தூங்கிவந்த சின்னவளின் நெற்றியில் என் கன்னத்து நிறம் அப்படியே ஒட்டியிருந்தது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியம்மா, "ஏஞ்சாமி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மூஞ்சியெல்லாம் ஒருமாதிரி இருக்குது" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை; உண்மையாகவே கவலைப்பட்டார் என்பதுதான் எனக்கு வலித்தது.

அன்றிலிருந்து ஒப்பனையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஊறவும் காயவும் நேரம் எடுப்பவை மேலே, வீட்டில். நிறம் தருபவை கீழே, மேட்டுப்பாளையத்தில், முதல் வியர்வை வந்து அடங்கிய பிறகு. வீட்டில் நான்கு நிமிடம், கீழே மூன்று நிமிடம். இந்தப் பிரிவினையைத் தவிர நான் சொல்லப்போகும் மற்ற எதையும் நீங்கள் உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முந்தின இரவும் வீட்டு நான்கு நிமிடமும்

மலைக்குளிரில் தோல் வறளத்தான் செய்யும், அதற்குக் கெட்டியான கிரீம் வேண்டும்தான். ஆனால் அதைக் காலையில் பூசிக்கொண்டு இறங்கினால், 35 பாகை வெயிலில் அது உருகி மேலே இருக்கும் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கெட்டி கிரீமும் உதட்டுக்கு வாசலினும் முந்தின இரவே பூசிக்கொள்ள வேண்டியவை. காலையில் முகம் கழுவிய பிறகு, தண்ணீர் பதத்திலுள்ள ஜெல் மாய்ஸ்ச்சரைசர் ஒரு பட்டாணி அளவு போதும். உதட்டில் எஞ்சியிருக்கும் வாசலினை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் பூசும் லிப்ஸ்டிக் அதன்மேல் நிற்காமல் வழுக்கும்.

தலைக்கு எண்ணெய் வைப்பதையும் முந்தின நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பது நமக்குப் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். வருடத்தில் பாதி நாள் அதைக் கரண்டிக் காம்பால் தோண்டித்தான் எடுக்கிறோம். தோண்டி எடுத்ததை அளவு தெரியாமல் தலையில் வைத்துப் பின்னிவிடுகிறோம். குன்னூரில் அது வைத்த இடத்திலேயே இருக்கும். கல்லாறு தாண்டியதும் இளகி, வகிட்டின் வழியாக நெற்றிக்கு இறங்கத் தொடங்கும். நெற்றி மட்டும் ஏன் இப்படி மினுமினுக்கிறது என்று காம்பாக்ட் பவுடரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, காரணம் தலையில் இருக்கிறது என்று புரிய ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆயிற்று.

அடுத்தது சன்ஸ்கிரீன். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. குளிராக இருக்கிறது, மூடுபனியாக இருக்கிறது, வெயிலே இல்லை என்று மலையில் இருப்பவர்கள் இதை விட்டுவிடுகிறோம். உண்மையில் உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியைத் தடுப்பதும் இல்லை. சூடு தெரியாததால் நாம் நிழல் தேடுவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. பிள்ளை பெற்ற பிறகு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு படிந்தவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மங்கை மோசமாக்குவது புற ஊதாக் கதிர் மட்டுமன்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான் என்பதால், அவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் கொண்ட டின்டட் சன்ஸ்கிரீன் நல்லது. அதையே பூசிக்கொண்டால் ஃபவுண்டேஷன் என்ற ஒன்றே தேவைப்படாது. நான் ஃபவுண்டேஷன் வாங்குவதை நிறுத்திவிட்டதற்கு அதுதான் காரணம்.

எஸ்பிஎஃப் 30 என்று போட்டிருப்பது, போதிய அளவு பூசினால், புற ஊதா 'பி' கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்பது 98. ஆகவே எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அளவைச் சரியாகப் பூசுவது முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்குமானது. பெட்டியில் 'பிஏ' என்ற எழுத்துக்குப் பின்னால் எத்தனை கூட்டல் குறிகள் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அது புற ஊதா 'ஏ' கதிருக்கான கணக்கு, குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே என்பார்கள். இரண்டு விரல் அளவு ஃபவுண்டேஷனை எவரும் முகத்தில் பூசிக்கொள்வதில்லை என்பதால் அந்தக் கணக்கு உதவாது.

மாய்ஸ்ச்சரைசருக்கும் சன்ஸ்கிரீனுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிடம் இடைவெளி விட வேண்டும். அவசரத்தில் ஈரத்தின்மேல் தேய்த்தால் அழிப்பான் துகள்போலத் திரி திரியாக உருண்டு வரும். பிறகு கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இடைவெளி விடுவது என்றால் கண்ணாடி முன் நின்று காத்திருப்பது அன்று. ஜெல்லைப் பூசிவிட்டு டிபன் டப்பாக்களை மூடலாம். சன்ஸ்கிரீனைப் பூசிவிட்டுப் பெரியவனின் ஷூ லேஸைக் கட்டலாம். நான் சொல்லும் நான்கு நிமிடம் கை வேலை செய்யும் நிமிடங்கள் மட்டுமே.

கண் மையும் மேலேயே முடித்துவிட வேண்டிய வேலை, ஏனென்றால் ஓடும் பேருந்தில் கண்ணருகே பென்சிலைக் கொண்டுபோவது ஆபத்து. வளைவில் ஓட்டுநர் பிரேக் போட்டால் குத்துவது இமையிலா கருவிழியிலா என்று சொல்ல முடியாது. குளிர்காலக் காலையில் மைப் பென்சில் மெழுகுபோல இறுகி, இமையைப் பிடித்து இழுக்கும். மூடியோடு உள்ளங்கையில் வைத்து அரை நிமிடம் பொத்திப் பிடித்தால் இளகிவிடும். வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தாலும் அது தண்ணீரைத் தாங்குமே தவிர எண்ணெய்ப் பசையைத் தாங்காது. ஆகவே கீழிமையின் அடியில் இருக்கும் பசையைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, மையைக் கண்ணுக்குள் இழுக்காமல், மேலிமை மயிரின் வேரோடு ஒட்டி மட்டும் இழுங்கள். கீழே மை வேண்டும் என்று மனம் கேட்கவில்லையென்றால், வெளிக்கோடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வைத்து, விரல் நுனியால் வேண்டுமென்றே லேசாகக் கலைத்துவிடுங்கள். ஏற்கெனவே கலைந்த மை மேலும் கலைந்தால் யாருக்கும் தெரியாது. அம்மா மை வைக்கும்போது குழந்தைக்கும் வைக்கச் சொல்லி வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். பச்சிளங்குழந்தையின் கண்ணுக்குள் மை வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதை அவர்களிடம் பதமாகச் சொல்லிப் பாருங்கள். என் மாமியாரோடு கன்னத்துத் திருஷ்டிப் பொட்டில் சமாதானம் ஆயிற்று.

வழியில்

பேருந்தில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: சென்ட் அடிப்பது. வளைவுகளில் பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டிருக்கும், அடுத்த சீட்டில் ஒரு குழந்தை எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருக்கும்.

ஆனால் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை மட்டும் பையில் எடுத்துவர வேண்டும். பருத்திக் கைக்குட்டை ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, நான்காக மடித்து அதில் வைத்து மூடி, டப்பாவைக் கழற்றிய ஸ்வெட்டருக்குள் சுருட்டிவிட்டால், குன்னூர்த் தண்ணீரின் குளிர்ச்சி மேட்டுப்பாளையம் வரைக்கும் தாங்கும். கடையில் விற்கும் ஈர டிஷ்யூக்களில் பெரும்பாலானவை நெகிழி இழை கலந்தவை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடையுள்ள மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் அதைக் கீழே கொண்டுபோய்ப் போடுவதும் அழகில்லை. அதைவிட, எந்த டிஷ்யூவும் இந்தக் கைக்குட்டை அளவுக்குக் குளிர்ந்திருப்பதில்லை.

மேட்டுப்பாளையத்து மூன்று நிமிடம்

பேருந்து நிலையத்தில் வண்டி நின்றதும் முதலில் அந்த டப்பாவைத் திறக்க வேண்டும். கைக்குட்டையை முகத்தில் தேய்க்காமல், நெற்றி, மூக்கோரம், மேலுதடு, தாடை, பிடரி என்று ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து நொடி அழுத்தி வைத்து எடுங்கள். தேய்த்தால் சன்ஸ்கிரீன் வந்துவிடும்; அழுத்தினால் வியர்வையும் உப்பும் மட்டும் வரும். பிடரியில் வைக்கும்போது உடம்பே ஒரு பெருமூச்சு விடுவதை உணர்வீர்கள். பிறகு உலர்ந்த கைக்குட்டையால் ஒருமுறை ஒற்றி, ஒரு நிமிடம் காற்றாட விடுங்கள். ஈர முகத்தில் பவுடர் பட்டால் மாவுப் பசைபோலத் திட்டுத் திட்டாக நிற்கும்.

காம்பாக்ட் முகம் முழுவதற்கும் வேண்டாம். நெற்றியின் நடு, மூக்கு, மூக்கோரம், மேலுதடு, தாடை ஆகிய இடங்களில் பஃபைத் தட்டித் தட்டி வைத்தால் போதும், கன்னத்துக்குத் தேவையில்லை. மடியில் குழந்தை இருந்தால் டப்பாப் பவுடரைக் கொட்டித் தட்டாதீர்கள், அந்தத் தூளைக் குழந்தை மூச்சோடு இழுக்கும். காம்பாக்ட்டில் அந்தத் தொல்லை குறைவு. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே மூடுபனியின் வெள்ளை வெளிச்சத்தில் எந்த நிறமும் மங்கலாகத்தான் தெரியும், அதனால் கை தானாகவே கூடுதலாகப் பூசும். அதே முகம் கீழே உச்சி வெயிலில் தெருக்கூத்து வேஷம்போலத் தெரியும். நிறம் தருபவற்றைக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு வியர்வை ஒரு காரணம் என்றால், வெளிச்சம் இன்னொரு காரணம். கடையில் பவுடர் நிறம் பார்க்கும்போதும் புறங்கையில் பார்க்காமல் தாடையோரத்தில் தடவி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். இரண்டு நிறம் வெளுப்பானதை எடுத்துக் கொடுக்கும் விற்பனையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

லிப்ஸ்டிக் ஒன்றே உதட்டுக்கும் கன்னத்துக்கும் போதும், அதுவும் கிரீம் பதத்தில் இருந்தால். செங்கல் நிறமோ காய்ந்த ரோஜா நிறமோ நம் மாநிறத்துக்கு எந்தப் புடவையோடும் போகும். மோதிர விரலில் தொட்டு, சிரித்தால் மேடாகும் இடத்தில் இரண்டு புள்ளி வைத்து, காதுப்பக்கமாகத் தட்டிக் கலையுங்கள். உதட்டில் ஒருமுறை பூசி, டிஷ்யூவைக் கவ்வி எடுத்துவிட்டு, மறுமுறை பூசினால் மதியச் சாப்பாடு வரைக்கும் நிற்கும். அசையாமல் ஒட்டிக்கொள்ளும் திரவ மேட் வகை குளிரில் வெடித்த உதட்டுக்கு ஒத்துவராது. வெடிப்புகளுக்குள் புகுந்து கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

பொட்டை நெற்றி உலர்ந்திருக்கும் இப்போது வைப்பதுதான் சரி. காலையில் வைத்த ஸ்டிக்கர் பொட்டு வியர்வையில் ஊர்ந்து புருவத்துக்கு வந்துவிட்டதை உங்களுக்குச் சொல்வதற்கு எவரும் முன்வர மாட்டார்கள். சாந்துப் பொட்டு காய்ந்துவிட்டால் நன்றாக நிற்கும், ஆனால் காயும்வரை முகத்தை அசைக்காமல் இருக்க வேண்டும், பிள்ளைகளோடு அது நடக்கிற காரியமில்லை. ஸ்டிக்கர் வைக்கும் இடத்தில் அரிப்போ, தோல் வெளுப்போ தெரிந்தால் அந்தப் பொட்டை உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். சில பொட்டுகளின் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் நிறமிச் செல்களையே அழித்து, வெண்திட்டு உண்டாக்கக்கூடியது.

இவ்வளவையும் வைக்க, பெரியவன் போன வருஷம் தூக்கிப் போட்ட ஜாமெட்ரி பாக்ஸ் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. காம்பாக்ட், லிப்ஸ்டிக், பொட்டு அட்டை, நான்கு டிஷ்யூ, இரண்டு ஊக்கு, சன்ஸ்கிரீன் குச்சி ஒன்று. தகரம் என்பதால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மட்டும் அதை விட்டுப் போகக் கூடாது. ஒருநாள் மதியம் அப்படி விட்டுப்போய் வந்து திறந்தபோது லிப்ஸ்டிக் தலை சாய்ந்து மூடியோடு ஒட்டிக் கிடந்தது.

சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்பார்கள். நாள் முழுவதும் அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் வெளியே கிளம்புவதற்கு முன் பூசினால் போதும் என்பது என் நடைமுறை. வியர்வையை ஒற்றிவிட்டு, சன்ஸ்கிரீன் குச்சியை நெற்றி, மூக்கு, கன்னமேடு, கழுத்தின் பின்புறம் ஆகிய இடங்களில் நான்கைந்து முறை இழுத்து, பஃபால் அழுத்திவிடுங்கள். எஸ்பிஎஃப் பவுடரை மட்டும் தட்டிக்கொண்டு வெயிலில் நடப்பதை நம்பாதீர்கள். தேவையான அளவு தோலில் படுவதே இல்லை.

திரும்பி ஏறும்போது

மாலையில் மேட்டுப்பாளையத்தில் வண்டி ஏறுவதற்கு முன் முகத்தை வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு ஜெல் பூசிக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வடிந்த வியர்வையின் உப்பு தோலில் காய்ந்திருக்க, அதன்மேல் மலைக்காற்று அடித்தால் முகம் இழுத்துப் பிடித்து எரியும். கோயம்புத்தூரில் புதிதாக வாங்கிய டியூபோ, அழுத்திப் பீய்ச்சும் பாட்டிலோ பையில் இருந்தால், வீட்டுக்கு வந்ததும் படுக்கைமேல் வைத்துத் திறக்காதீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால், சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதுபோல டியூபுக்குள் இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். மூடியைத் திறந்ததும் கால்வாசி தானாகவே வெளியே வரும். வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து, கழுவுதொட்டியின் மேல் மெதுவாகத் திருகுங்கள்.

இரவில் வாட்டர்ப்ரூஃப் மையை எடுக்க அதே உறைந்த தேங்காய் எண்ணெய்தான். மிளகு அளவு தோண்டி உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, மூடிய இமையின்மேல் தடவி, பஞ்சால் வழித்தெடுத்து, உடனே ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெயை அப்படியே விட்டால் பருவுக்கு வழி. பிறகு கெட்டி கிரீம், உதட்டுக்கு வாசலின். கருவுற்றிருப்பவர்கள் இரவு கிரீமில் ரெட்டினாய்டு (வைட்டமின் 'ஏ' வகைப் பொருள்) இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைக்குட்டையையும் அன்றிரவே சோப்புப் போட்டு அலசிவிடுங்கள். ஏப்ரலில் அடுப்படிக் கொடியில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். ஆடி மாதச் சாரலில் குன்னூரில் எதுவும் ஒரே இரவில் காயாது. அதனால் நான் மூன்று கைக்குட்டைகள் வைத்திருக்கிறேன்.